சாம்பலுக்குக் கீழே இருந்தவர்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பண்டத்துக்குப் பளபளப்பு ஏற்ற வேண்டுமென்றால் முதலில் கல்லை மாவாக்க வேண்டும். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், கொஞ்சம் வெள்ளைக் களிமண். மூன்றையும் தண்ணீரோடு பால் மில் என்னும் சுழலும் அரைவை எந்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் உருட்டினால் வெள்ளைக் குழம்பு கிடைக்கும். அதில் முக்கியெடுத்த அகல் விளக்கும் பிள்ளையார் பொம்மையும் இன்சுலேட்டரும் சூளைக்குள் போகின்றன. வெப்பம் 1,200 டிகிரியை நெருங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் கல்மாவு உருகிக் கண்ணாடியாகிவிடுகிறது. இதற்குப் பட்டறையில் கிளேஸ் என்று பேர். குவார்ட்ஸ் தனியாக இந்தச் சூட்டில் உருகாது. ஃபெல்ஸ்பாரில் உள்ள பொட்டாசியமும் சோடியமும் சேர்ந்துதான் அதை இளக்குகின்றன. நெய்வேலிக் களிமண்ணையும் மணிமுத்தாற்றங்கரை ஊரின் கைகளையும் நம்பி வளர்ந்த தொழிலில், பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரிந்த வேதியியல் இது.

நான் எழுத வந்திருப்பதும் ஒரு கண்ணாடியைப் பற்றித்தான். எந்தச் சூளையும் சுடாத கண்ணாடி. அதில் சிலிக்கா ஏறக்குறைய 77 சதவீதம். அலுமினா 12, 13 சதவீதம். மீதியில் பெரும்பங்கு பொட்டாசியமும் சோடியமும். பீங்கான் வேலை தெரிந்த ஒருவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால், கிளேஸ் கலவை என்றே சொல்வார். ஆனால் இது கலந்தது சுமத்திராத் தீவின் அடியில். உருகிக் கிடந்த சூடு 700 முதல் 780 டிகிரிதான். நம் சூளைக்கு 1,200 தேவைப்படும்போது அங்கே இவ்வளவு குறைந்த சூட்டில் எப்படி உருகியிருந்தது? பாறைக் குழம்புக்குள் கரைந்திருந்த நீர்தான் காரணம். பூமிக்கடியில், பெரும் அழுத்தத்தில், நீரும் ஃபெல்ஸ்பாரைப் போலவே பாறையை இளக்கும். அழுத்தம் விலகினால் அதே நீர் ஆவியாகிக் குழம்பைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்.

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அப்படி விலகியது.

தோபா என்பது இன்று ஓர் ஏரியின் பெயர். நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30. விருத்தாசலத்தில் கிளம்பிக் கடலூர்க் கடற்கரை வரை போனாலும் அதன் நீளத்துக்கு எட்டாது. அந்த ஏரி முழுவதும் ஓர் எரிமலையின் வாய். நடுவிலிருக்கும் சமோசிர் தீவு, வெடிப்புக்குப் பிறகு மெல்ல மேலெழும்பிய தரை. 1991இல் பிலிப்பைன்ஸின் பினதூபோ வெடித்தபோது வெளியேறிய பாறைக் குழம்பு சுமார் 5 கன கிலோமீட்டர். அதற்கே உலகம் ஓரிரு ஆண்டுகள் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. தோபா துப்பியது குறைந்தது 2,800 கன கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் இதைவிடப் பெரிய வெடிப்பு பூமியில் இல்லை.

வெடிப்பில் பாறைக் குழம்பு நுரைத்துப் பொங்கியது. ஒவ்வொரு குமிழியும் உடைந்தபோது அதன் சுவர் துண்டு துண்டாகத் தெறித்து, வானில் போகும்போதே உறைந்து கண்ணாடியானது. ஆகவே தோபாவின் சாம்பலை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் விறகுச் சாம்பலுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை என்பது தெரியும். எல்லாம் வளைந்த, கூர்மையான, நிறமற்ற சில்லுகள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவை பல. கிளேஸில் காற்றுக்குமிழி அகப்பட்டு வெடித்தால் பண்டத்தில் ஊசித்துளை விழும், பண்டம் கழிவாகும். இங்கே குமிழியின் உடைந்த சுவர்தான் பண்டமே.

அந்தச் சில்லுகள் இரண்டு திசைகளில் பயணப்பட்டன. கிழக்கே தென்சீனக் கடலின் அடியிலும் அவை கிடக்கின்றன. மேற்கே வங்காள விரிகுடாவிலும் இந்தியத் தரையிலும் அரபிக் கடலிலும் கிடக்கின்றன. ஒரே வெடிப்பு எதிரெதிர்த் திசைகளில் சாம்பலை அனுப்பியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் நமக்குப் பழக்கமான காற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கீழே காற்று கிழக்கு நோக்கி ஓடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேரெதிராக மேற்கு நோக்கி ஒரு வேகக்காற்று ஓடும். தாழப் பறந்த சாம்பல் கிழக்கே போனது, உயர ஏறியது நம் பக்கம் வந்தது. அம்மியை நகர்த்துவதாக நாம் சொல்லும் ஆடிக் காற்று வீசும் பருவத்தில் தோபா வெடித்திருக்கலாம் என்பது இதனால் எழுந்த ஊகம்.

ஆந்திரத்தின் கர்னூல் பகுதியில், பனகானபள்ளிக்கு அருகே, ஜுர்ரேறு என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் ஜ்வாலாபுரம் என்றொரு கிராமம். தோபாவிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர். அங்கே வானிலிருந்து நேராக விழுந்து படிந்த சாம்பல் சில சென்டிமீட்டர்தான். பிறகு பெய்த மழை சுற்றியிருந்த மேடுகளிலிருந்து சாம்பலையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில் சேர்த்ததில், சில இடங்களில் அது இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் குவிந்தது. அதன்மேல் மண் மூடியது. வெகுகாலம் கழித்து ஊர்க்காரர்கள் அந்த வெள்ளைப் படிவைத் தோண்டி, துலக்கும் தூள் செய்வதற்கு விற்றார்கள். கண்ணாடிச் சில்லு அழுக்கை உரித்தெடுக்கும் அல்லவா. அந்தக் குழிகளின் சுவர்களில்தான் தொல்லியலாளர்கள் தங்கள் கேள்விக்கான இடத்தைக் கண்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் போகுமுன் இன்னொரு பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். தோபா ஏரிக்குத் தென்மேற்கே, சுமத்திராவின் மேலைக் கரையில், பாரூஸ் என்ற பழைய கற்பூரத் துறைமுகம். அதனருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. ஏரிக்கு வடக்கே வாழும் காரோ மக்களிடம் சோலியா, பாண்டியா என்ற குலப்பெயர்கள் இன்றும் உண்டு. சாம்பல் கடந்த அதே கடலை, எதிர்த்திசையில், நம்மவர்கள் மரக்கலங்களில் கடந்தார்கள். வெறும் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. சாம்பலின் கணக்கில் இது நேற்று.

கேள்வி இதுதான். நம் இனம், அதாவது ஹோமோ சேப்பியன்ஸ், ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு எப்போது வந்தது? சாம்பலுக்கு முன்னா, பின்னா?

ஆப்பிரிக்காவில்தான் தொடங்கியது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டு பழையவை. எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றங்கரையில் கிடைத்த மண்டையோட்டின் வயது குறைந்தது 2,33,000 என்று 2022இல் நிறுவினார்கள். அதை நிறுவியதும் எலும்புக்கு மேலே கிடந்த ஓர் எரிமலைச் சாம்பல்தான். எலும்பில் தேதி எழுதியிருப்பதில்லை. ரேடியோ கார்பன் முறை 50,000 ஆண்டுக்கு அப்பால் கைவிட்டுவிடும். சாம்பலோ ஒரு சில நாளில் அல்லது வாரத்தில் விழுந்து முடிந்துவிடுவது. ஒவ்வொரு எரிமலையின் கண்ணாடிக்கும் அதற்கே உரிய வேதியியல் கைரேகை உண்டு. கூடவே விழும் படிகங்களில் ஆர்கானை அளந்தால் வயதும் சொல்லலாம். தோபாவின் வயதை 2012இல் அப்படி அளந்தபோது, படிகங்களை எடுத்தது மலேசியாவின் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கிலிருந்து. விடை 73,880 ஆண்டுகள், முந்நூறு சொச்சம் முன்பின். அந்தப் பள்ளத்தாக்கில் கோத்தா தம்பான் என்ற இடத்தில் கற்கருவி செதுக்கிய பட்டறை ஒன்றும் சாம்பலோடு சேர்ந்து கிடக்கிறது.

இந்தியாவில் தோபாவின் சாம்பல் முதலில் கவனத்துக்கு வந்தது மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கில், 1980களின் தொடக்கத்தில். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் ஜி. ஆர். சர்மாவும் கலிபோர்னியாவின் டெஸ்மண்ட் கிளார்க்கும் சேர்ந்து நடத்திய ஆய்வின்போது மார்ட்டின் வில்லியம்ஸ் அதைக் கண்டார். பிறகு மகாராஷ்டிரத்தின் போரி என்ற இடத்துச் சாம்பலை வைத்துக்கொண்டு நீண்ட வழக்கு நடந்தது. அங்கே சாம்பலோடு பழைய கைக்கோடரிகள் கிடைத்ததால், சாம்பலுக்குப் பல லட்சம் ஆண்டு வயது என்றார்கள் சிலர். 1998இல் தீபகற்பத்துச் சாம்பல் மாதிரிகளை வேதியியல் முறையில் ஒப்பிட்டவர்கள், எல்லாம் ஒரே வெடிப்பு, தோபாவின் பல வெடிப்புகளில் கடைசியானது என்று சொல்லிவிட்டார்கள். ஆற்றுநீர் பழைய கருவியையும் புதிய சாம்பலையும் ஒன்றாக உருட்டிச் சேர்த்தால் இப்படியெல்லாம் குழப்பம் வரும். ஆகவேதான் சாம்பல் நேராக விழுந்து கிடக்கும் ஜ்வாலாபுரம் முக்கியமானது.

அதே 1998இல் ஸ்டான்லி ஆம்புரோஸ் ஒரு கருத்தை முன்வைத்தார். தோபாவால் உலகமே பல ஆண்டுகள் குளிரில் உறைந்தது, மனித இனம் சில ஆயிரம் பேராகச் சுருங்கியது, இன்றுள்ள எல்லோரும் அந்தப் பிழைத்தவர்களின் வாரிசுகள் என்றார். பேரழிவுக் கதைகளுக்கு எப்போதும் செல்வாக்கு உண்டு. இதுவும் பரவலாகப் பேசப்பட்டது.

தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டரும் மைக்கேல் பெட்ராக்லியாவும் தலைமை தாங்கிய குழு ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் தோண்டியது. 2007இல் சயன்ஸ் இதழில் முடிவு வெளியானது. கீழே கற்கருவிகள். இரண்டரை மீட்டர் சாம்பல். மேலே மறுபடியும் கற்கருவிகள், ஏறக்குறைய அதே கைப்பழக்கத்தோடு. சாம்பல் மழைக்குப் பிறகும் அதே மாதிரிக் கருவி செய்யத் தெரிந்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்திருக்கிறார்கள். 2020இல் சோன் பள்ளத்தாக்கின் தாபா என்ற இடத்திலிருந்தும் 80,000 முதல் 65,000 ஆண்டு வரை அறுபடாத கருவித் தொடர்ச்சி ஒன்று வெளியானது.

ஆப்பிரிக்காவிலிருந்தும் பேரழிவுக்கு எதிரான சாட்சிகளே வந்தன. மலாவி ஏரியின் அடிமண்ணில் தோபாவின் சில்லுகள் இருந்த அடுக்கில் கடுங்குளிரின் அடையாளம் இல்லை. தென்னாப்பிரிக்கக் கடற்கரையின் பின்னக்கிள் பாயிண்ட், தோபாவிலிருந்து ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர். அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் மிகச் சில சில்லுகளை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்தக் காலம் முழுவதும் மக்கள் அங்கே வாழ்ந்து வந்திருப்பது 2018இல் தெரிந்தது. எத்தியோப்பியாவின் ஷின்ஃபா ஆற்றங்கரையில், வறட்சியில் சுருங்கிய குட்டைகளில் மக்கள் மீன் பிடித்துச் சமாளித்ததை 2024இல் சொன்னார்கள். ஒரு கண்ணாடிச் சில்லு இரண்டு கண்டங்களில் ஒரே நாளைக் குறித்துக்கொடுக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த நாளில் ஜ்வாலாபுரத்திலும் யாரோ இருந்தார்கள், பின்னக்கிள் பாயிண்டிலும் யாரோ இருந்தார்கள். இவ்வளவு தொலைவில் இருந்த இருவரை ஒரே காலக்கோட்டில் நிறுத்த வேறு எதனாலும் முடியாது.

சரி, ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழே இருந்தவர்கள் யார்? இங்கேதான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். அவர்களும் சேப்பியன்ஸ்தான், கருவி செதுக்கும் முறை ஆப்பிரிக்காவின் இடைக்கற்கால முறையை ஒத்திருக்கிறது என்பது பெட்ராக்லியா தரப்பு. இல்லை, சேப்பியன்ஸ் இந்தியாவுக்கு வந்தது 60,000 ஆண்டுக்கு இந்தப் பக்கம், சின்னஞ்சிறு நுண்கற்கருவிகளோடு என்று 2013இல் பால் மெல்லர்ஸ் மறுத்தார். ஜ்வாலாபுரத்திலேயே ஒரு பாறைக்குடைவில் 35,000 ஆண்டு வரை பழைய நுண்கருவிகள் கிடைத்திருக்கின்றன. தோபாவின் காலத்து எலும்பு ஒன்றுகூட இந்தியாவில் கிடைக்காத வரை, கல்லை வைத்துக்கொண்டு செய்தவன் முகத்தைச் சொல்வது கடினம். சுமத்திராவிலேயே லிடா அஜெர் குகையில் சேப்பியன்ஸ் பற்கள் 73,000 முதல் 63,000 ஆண்டுக்குள் என்று 2017இல் கணித்தார்கள். தோபாவின் மடியிலேயே, அது வெடித்த கொஞ்ச காலத்துக்குள் நம் இனத்தவர் வாழ்ந்திருக்கிறார்கள் என்றால் அவர்கள் பெரும்பாலும் இந்தியாவைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

மரபணு வேறு கதை சொல்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோருடைய உடலிலும் நியாண்டர்தால் மனிதர்களின் மரபணு ஒன்றிரண்டு சதவீதம் இருக்கிறது. அந்தக் கலப்பு நடந்தது சுமார் 50,000 முதல் 43,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2024இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உங்களுக்கும் எனக்கும் அந்தக் கலப்பு உண்டு. அப்படியானால் நம் மூதாதையரில் பெரும்பங்கு அதற்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள். சாம்பலுக்கு முன்பே இங்கிருந்தவர்கள் சேப்பியன்ஸாகவே இருந்தாலும், அவர்களுடைய வழி பெரும்பாலும் நம்மோடு வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டில் இதைச் சொல்வது எளிதல்ல. முதல் மனிதன் குமரிக்கண்டத்தில் தோன்றினான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மதுரைக்கு அருகே ஜோதிமாணிக்கம் என்ற கிராமத்தில் எம்130 என்ற மரபணுக் குறியை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் கண்டபோது, அதை "இந்தியாவின் முதல் மனிதர்" என்ற தலைப்புக்குள் அடைத்துவிட்டோம். உண்மையில் அது ஒய் குரோமோசோமில் சி என்ற எழுத்து டி என்று மாறிய ஓர் இடம். ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர்களிடையே தோன்றி, இந்தியக் கரையோரமாக வந்து, தென்கிழக்கு ஆசியா வழியே ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வரை போன ஒரு தந்தைவழி. நம் ஊரில் அதன் தடம் இருப்பது பெரிய செய்தி. ஆனால் அதைச் சுமப்பவர் மற்றவர்களைவிட முதலானவர் அல்லர். பக்கத்து வீட்டுக்காரரின் முன்னோரும் அதே அளவு பழையவர்கள்தான்.

எனக்கு இதில் வருத்தமில்லை. இந்த மண்ணில் நமக்கு முன் வாழ்ந்தவர்கள் நம் முப்பாட்டன்களாக இருந்தால்தான் மதிக்க வேண்டும் என்றால், நாம் மதிப்பது நம்மை மட்டும்தான். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் முதலில் பல்லாவரத்திலும், அதே ஆண்டு சக புவியியலாளர் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே ஆண்டுக்கணக்கில் தோண்டி, கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் நிறுவினார்கள். 2018இல் அவர்கள் வெளியிட்டது இன்னும் வியப்பானது. கல்லை முதலில் ஒரு வடிவத்துக்குத் தயார்செய்து, பிறகு ஒரே தட்டில் வேண்டிய செதிலைப் பெயர்த்தெடுக்கும் லெவலுவா முறை அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அடிக்குமுன் மனதில் முழுத் திட்டமும் இருந்தால்தான் அந்தச் செதில் விழும். கொற்றலையாற்றுப் படுகையில் அப்படி யோசித்துக் கல் செதுக்கியவர்களுக்கும் நமக்கும் இரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் கைவேலை தமிழ்நாட்டு மண்ணின் சொத்து.

எலும்புதான் பற்றாக்குறை. நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சோனகியா 1982இல் கண்ட மண்டையோட்டுத் துண்டு ஒன்றே இந்தியாவில் பரவலாக ஏற்கப்பட்ட பழைய மனிதப் புதைபடிவம். நம் பக்கத்திலேயே, புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையத்தின் ஓடையில், 2001இல் பி. ராஜேந்திரன் செம்பாறைக் கட்டிக்குள் ஒரு குழந்தையின் மண்டையோட்டைக் கண்டதாகப் பின்னர் அறிவித்தார். வயது ஒன்றரை லட்சம் ஆண்டுக்கும் மேல் என்றார். பிற ஆய்வாளர்களின் பொதுவான ஏற்பு அதற்கு இன்னும் வரவில்லை. தெற்காசியாவில் சேப்பியன்ஸ் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மிகப் பழைய எச்சங்கள் இலங்கையின் பாகியங்கல குகையிலிருந்து வருபவை, ஏறக்குறைய 48,000 முதல் 45,000 ஆண்டுக்குள். மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் வேட்டையாடிய அவர்களிடம் எலும்பு அம்புமுனைகள் இருந்தன. எல்லாம் சாம்பலுக்கு வெகு காலம் பிந்தையவை.

எலும்பு கெடாமல் இருக்க வேண்டுமென்றால் சுண்ணாம்புக்கல் குகை வேண்டும். செம்மண்ணின் அமிலமும் நம் மழையும் எலும்பைக் கரைத்துவிடும். கர்னூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகள் அப்படிப்பட்டவை. ஜ்வாலாபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. 1884இல் ஃபூட் தன் மகன் ஹென்றியோடு அங்கே தோண்டி ஏராளமான விலங்கெலும்புகளை எடுத்தார். நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து ஜ்வாலாபுரத்துக் குழுவினரே அதே குகைகளுக்குத் திரும்பினார்கள். அங்கிருந்து 2014இல் வந்த முடிவு சாம்பல் கதைக்கு நேரடியாகப் பொருந்துவது: கடந்த 2 லட்சம் ஆண்டுகளில் அந்தப் பகுதியில் இருந்த 21 பாலூட்டி வகைகளில் ஒன்றே ஒன்றுதான், ஒரு பெரிய குரங்கினம், அற்றுப்போனது. தோபா மானையும் மாட்டையும் கொன்றழிக்கவில்லை. அவற்றை வேட்டையாடியவர்களின் எலும்பு மட்டும் அந்தக் குகைகளின் தோபா காலத்து மண்ணில் இன்னும் அகப்படவில்லை. குகைகளில் தோண்டாத அடுக்குகள் நிறைய மீதி இருக்கின்றன.